ருமேனிய மொழி: படிக்கத் தொடங்குமுன் எழும் கேள்விகள்

ருமேனியச் சொற்களை இந்தப் பக்கத்தில் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். ஒரு சொல்லில் ‘ஆ’ என்று வந்தால் அது ருமேனியத்தின் சாதாரண ‘ஏ’ எழுத்து (ஆங்கிலத்தின் முதலெழுத்து). அதைத் தமிழ் நெடிலைவிடச் சற்றுக் குறுக்கிச் சொல்ல வேண்டும். ‘அ’ என்று வந்தால் அது தலையில் கிண்ணக் குறி போட்ட ‘ஏ’. தமிழ் எழுத்து காட்டத் தவறும் ஒலிகளை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

ருமேனியம் ரஷ்ய மொழிக்கு உறவா, இத்தாலிய மொழிக்கு உறவா?

இத்தாலிய மொழிக்குத்தான். பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்த்துகீசியம் போல இதுவும் லத்தீனிலிருந்து வந்தது. ரோமப் பேரரசர் டிராஜன் கி.பி. 106-இல் இன்றைய ருமேனியப் பகுதியான டாசியாவைப் பிடித்தார். 270-களில் பேரரசர் ஔரேலியன் காலத்தில் ரோமப் படைகள் அங்கிருந்து விலகின. டான்யூப் ஆற்றின் இரு கரைகளிலும் தங்கிப்போன கிழக்கு லத்தீன்தான் இந்த மொழியின் வேர். அதன்பின் பல நூற்றாண்டுகள் மேற்கு ஐரோப்பிய லத்தீன் உலகத்தோடு தொடர்பு அறுந்து, ஸ்லாவிய (ரஷ்ய, பல்கேரிய இன) மக்களிடையே வளர்ந்தது. ‘ஆம்’ என்பதற்கு ‘தா’ என்பதும் (முதல் ஒலி ‘அது’வில் வரும் மெல்லிய த), நண்பனுக்கு ‘ப்ரியெத்தென்’ என்பதும் ஸ்லாவிய வரவு.

தண்ணீர் (ஆப்ப), வீடு (காஸ), சகோதரன் (ஃப்ராத்தெ) போன்ற அடிப்படைச் சொற்கள் லத்தீன். நகரத்தைக் குறிக்கும் ‘ஓராஷ்’ ஹங்கேரியிலிருந்து வந்தது. அலமாரி (துலாப்), புளிப்பு சூப் (ச்சோர்ப), விருந்தாளி (முஸாஃபிர்) எல்லாம் துருக்கி வழி வந்தவை. நம் ஊர்களில் பழைய பயணியர் விடுதியை முசாபரி பங்களா என்று சொல்லிக் கேட்டவர்களுக்குக் கடைசிச் சொல் புதிதாக இருக்காது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சொற்கள் கூட்டமாக உள்ளே வந்தன: அலுவலகம் ‘பிரோவ்’, ஓட்டுநர் ‘ஷோஃபேர்’. அதனால் செய்தித்தாளைப் படிப்பது எளிது. கிராமத்துச் சந்தையில் காதுகொடுத்துக் கேட்பதுதான் கடினம்.

எங்கெங்கே பேசுகிறார்கள்? ‘மால்டோவிய மொழி’ என்று தனியாக ஒன்று உண்டா?

ருமேனியாவிலும் மால்டோவாவிலும் ஆட்சிமொழி. செர்பியாவின் வோய்வோதினா மாகாணத்தில் ஆட்சிமொழிகளில் ஒன்று. 2007 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மொழிகளில் ஒன்று. இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி நாடுகளில் புலம்பெயர்ந்த ருமேனியர்கள் நிறையப் பேர் பேசுகிறார்கள்.

‘மால்டோவிய மொழி’ என்பது சோவியத் காலத்து அரசியல் பெயர். அங்கே அதே மொழியை ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்தில் எழுத வைத்தார்கள். 1989 ஆகஸ்ட் 31 அன்று லத்தீன் எழுத்துக்குத் திரும்பச் சட்டம் வந்தது. இரு நாடுகளும் அந்த நாளை மொழி நாளாகக் கொண்டாடுகின்றன. 2023 மார்ச்சில் மால்டோவா நாடாளுமன்றம் எல்லாச் சட்டங்களிலும் ‘ருமேனிய மொழி’ என்றே எழுத முடிவு செய்தது. பிரிந்து நிற்கும் டிரான்ஸ்னிஸ்திரியா பகுதியில் மட்டும் இன்னமும் சிரிலிக் எழுத்து இருக்கிறது.

ரோமா (ஜிப்சி) மக்களின் மொழியும் இதுவும் ஒன்றா?

இல்லை. அவர்கள் மொழி ரோமானி. அது இந்தோ-ஆரிய மொழி, ஹிந்திக்கும் பஞ்சாபிக்கும் உறவு. பெயர் ஒற்றுமை தற்செயல்.

எத்தனை எழுத்து? லத்தீன் எழுத்தில் முதலிலிருந்தே எழுதினார்களா?

31 எழுத்து. ஆங்கில 26-உடன் ஐந்து குறியிட்ட எழுத்துகள்: கிண்ணக் குறி போட்ட ‘ஏ’, கூரைக் குறி போட்ட ‘ஏ’, கூரை போட்ட ‘ஐ’, கீழே காற்புள்ளி தொங்கும் ‘எஸ்’, அதே போன்ற ‘டி’. கூரை போட்ட இரண்டுக்கும் ஒலி ஒன்றே. சொல்லின் தொடக்கத்திலும் முடிவிலும் ‘ஐ’, நடுவில் ‘ஏ’ என்பது ருமேனிய அகாடமியின் 1993 விதி. முன்னொட்டு சேர்ந்த சொற்களில் மட்டும் நடுவிலும் ‘ஐ’ நிற்கும். பழைய புத்தகங்களில் நடுவே ‘ஐ’யைப் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

தொடக்கத்தில் எழுதியது சிரிலிக்கில். தேதி தெரிந்த மிகப் பழைய ருமேனியப் பனுவல் 1521-இல் எழுதிய ஒரு கடிதம். கும்புலுங் ஊரைச் சேர்ந்த நியாக்ஷு என்ற வணிகர், துருக்கிப் படை நகர்கிறது என்று பிரஷோவ் நகரத் தலைவர் ஹான்ஸ் பெங்க்னருக்கு எழுதிய எச்சரிக்கை அது. 1860-களின் தொடக்கத்தில்தான் லத்தீன் எழுத்து அரசு வழக்கானது.

குறிகளை விட்டுவிட்டு எழுதினால் என்ன?

ருமேனியர்களே கைபேசிச் செய்தியில் விட்டுவிடுவார்கள். அவர்கள் சூழலிலிருந்து புரிந்துகொள்வார்கள். கற்பவர் அப்படிச் செய்தால் சொல்லையே தவறாக மனத்தில் பதித்துவிடுவார். ‘பெஷ்தெ’ மீன், எஸ்-இன் கீழே காற்புள்ளி இல்லையென்றால் ‘பெஸ்தெ’, அதாவது மேலே. விடுதியில் ‘பாத்தூர்’ கேட்டால் கட்டில்கள், ‘பத்தூர்’ கேட்டால் கம்பளிகள்; வேறுபாடு முதல் ‘ஏ’ மேலுள்ள கிண்ணம் மட்டுமே. எல்லாவற்றையும்விட முக்கியம் இது: ‘காஸ’ என்றால் வீடு, ‘காஸா’ என்றால் அந்த வீடு. குறி போனால் இலக்கணமும் போகும்.

கணினியில் எப்படித் தட்டச்சு செய்வது?

விண்டோஸில் மூன்று ருமேனிய விசைப்பலகைகள் இருக்கும்: ஸ்டாண்டர்ட், புரோகிராமர்ஸ், லெகசி. புதியவர்களுக்குப் புரோகிராமர்ஸ்தான் நல்லது. ஆங்கில விசைகள் இடம் மாறாமல் இருக்கும். வலப்பக்க ஆல்ட் விசையை அழுத்தி ‘ஏ’ தட்டினால் கிண்ணம், ‘ஐ’ தட்டினால் கூரை ஐ, ‘கியூ’ தட்டினால் கூரை ஏ, ‘எஸ்’, ‘டி’ தட்டினால் காற்புள்ளி எழுத்துகள். ஸ்டாண்டர்ட் பலகையில் இவை தனி விசைகளில் இருப்பதால் அடைப்புக்குறிகளும் அரைப்புள்ளியும் இடம் மாறிவிடும்.

லெகசியைத் தொடவே வேண்டாம். பழைய எழுத்துக் குறியீடுகளில் காற்புள்ளி எழுத்து இல்லாததால், துருக்கி மொழியில் உள்ளதுபோல் வளைந்த வால் தொங்கும் எழுத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். 1999-இல் யூனிகோடின் 3.0 பதிப்பு சரியான எழுத்தைச் சேர்த்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு வேறு வேறு எழுத்துகள். ஒரு ஆவணத்தில் பெயர் இருந்தும் தேடினால் அகப்படவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கலப்பைத்தான்.

உச்சரிப்பில் தமிழருக்கு எது எளிது, எது சிக்கல்?

பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோரை நினைத்து எழுதியவை. அவர்கள் திணறும் கூரை எழுத்தின் ஒலி நமக்குக் குற்றியலுகரம். ‘பாட்டு’, ‘காற்று’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வரும் அந்த உகரத்தை எடுத்துச் சொல்லின் நடுவில் வைத்தால் ஏறக்குறைய சரியாக வரும். ரொட்டிக்கான ‘புய்னெ’ அப்படிப்பட்டது. ‘ட’வும் வேண்டாம், ருமேனிய ‘டி’ பல்லில் நாக்குப் படும் நம் ‘த’தான். ஆங்கிலப் பழக்கத்தில் ‘ட்ரென்’ என்று சொல்லாமல் ‘த்ரென்’ (ரயில்) என்று சொல்லுங்கள். ‘அவன்’, ‘இருக்கிறது’ போன்றவற்றுக்கான சொற்கள் ‘எ’யில் தொடங்கினாலும் ‘யெல்’, ‘யெஸ்தெ’ என்றே ஒலிக்கும். நாம் எப்படியும் ‘எ’யை ‘யெ’ ஆக்குகிறோம் என்பதால் இது தானாக வரும். ஆனால் பழக்கம் ‘எலெவ்’ (மாணவன்), ‘எக்ஸாமென்’ (தேர்வு) போன்றவற்றுக்கும் பரவினால் தவறு. இந்த யகரம் மூவிடப் பெயர்களுக்கும் ‘இரு’ என்ற வினைக்கும் மட்டுமே.

சிக்கல் வேறு இடத்தில். தமிழில் ‘ப’ ஒரே எழுத்து. ருமேனியத்தில் அதிர்வில்லா ஒலியும் அதிர்வொலியும் வேறு வேறு சொற்களைத் தரும். ‘பெரெ’ என்பதைக் ‘கப்பல்’ பகரத்தில் தொடங்கினால் பேரிக்காய்கள். ‘கம்பம்’ பகரத்தில் தொடங்கினால் பீர். ‘கார’ என்பதிலும் அப்படியே: ‘தங்கம்’ ககரத்தில் தொடங்கினால்தான் ரயில் நிலையம். இந்த இணைகளைத் தனியாக எடுத்து, தொண்டையில் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்த்துப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

எழுத்து விதிகள் சில. ஆங்கில ‘சி’ எழுத்து ‘எ’, ‘இ’க்கு முன் ‘ச்’ ஒலிக்கும். நடுவே ‘ஹெச்’ வந்தால் ‘க்’ ஆகும். மால்டோவாவின் தலைநகரைச் சிசினாவ் என்று படிப்பவர்கள் இதில்தான் தவறுகிறார்கள், அது கிஷினவ். தேநீர் நம்மைப் போலவே ‘சாய்’, ஆனால் எழுத்தில் நடுவே ஒரு ‘எ’ நிற்கும். ‘சி’யை ‘ச்’ ஆக்குவதற்காக மட்டும் அது இருக்கிறது. சொல்லின் கடைசி ‘ஐ’ பெரும்பாலும் முழு ‘இ’ ஆகாது, முந்தைய மெய்க்குப் பின் மூச்சாகத் தேய்ந்துவிடும். பணம் ‘பானி’ அல்ல, ‘பான்’ சொல்லி நாக்கை யகரத்துக்குத் தூக்கி நிறுத்தினால் போதும். மெய்யோடு ர, ல சேர்ந்து முன்னால் வந்தால் மட்டும் முழு இகரம்: ‘லித்ரி’ (லிட்டர்கள்).

அழுத்தம் எந்த அசையில் என்று எழுத்து காட்டாது. ‘கோப்பி’யில் முதல் அசையை அழுத்தினால் நகல்கள், இரண்டாவதை அழுத்தினால் குழந்தைகள்.

ஆங்கில ‘தி’ போன்றது சொல்லின் பின்னால் ஒட்டும் என்கிறார்களே?

ஆம். லத்தீன் வழி வந்த பெரிய மொழிகளில் இது மட்டும்தான் அப்படி. பக்கத்து பல்கேரிய, அல்பேனிய மொழிகளிலும் இதே பழக்கம் உண்டு. ‘ஓம்’ மனிதன், ‘ஓமுல்’ அந்த மனிதன். ‘ஃப்ராத்தெ’, ‘ஃப்ராத்தெலெ’. ‘ஃபாத்த’ ஒரு பெண், ‘ஃபாத்தா’ அந்தப் பெண். விகுதி ஒட்டியே வளர்ந்த தமிழ்க் காதுக்கு இது உறுத்தாது.

அதிகம் பேர் வேடிக்கை பார்க்கும் இடம் ‘குழந்தை’ என்ற சொல். ஒருமை ‘கோப்பில்’. பன்மையில் ‘ல்’ விழுந்து, பகுதியின் ‘ஐ’யோடு பன்மை ‘ஐ’ சேர, இரண்டு ‘ஐ’. ‘அந்தக் குழந்தைகள்’ என்றால் இன்னொரு ‘ஐ’ ஒட்டி மூன்று. ஒன்று பகுதி, ஒன்று பன்மை, ஒன்று சுட்டு. இதை எண்ணி எழுதத் தெரிந்தவருக்கு விதி பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். ருமேனியப் பள்ளிப் பிள்ளைகளும் இங்கே தடுமாறுவார்கள்.

பலரும் பிழை விடும் இடம்: முன்னிடைச் சொல்லுக்கு (‘மேல்’ போன்ற பொருளில் பெயருக்கு முன்னால் வரும் சொல்) பின் சுட்டு விகுதி விழுந்துவிடும். மேசை மேல் என்பது ‘பெ மாஸ’. ‘பெ மாஸா’ என்று சொன்னால் ‘அந்த வட்ட மேசை’ என்பதுபோல் பின்னால் ஓர் அடைமொழி வரும் என்று கேட்பவர் காத்திருப்பார். ‘கூ’ (உடன், ஆல்) இதற்கு விலக்கு: ரயிலில் போகிறேன் என்பதற்கு ‘மெர்க் கூ த்ரெனுல்’ என்று விகுதியோடுதான் வரும்.

பால் எத்தனை?

மூன்று: ஆண், பெண், அலி. பொருளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அலிப்பால் சொற்கள் ஒருமையில் ஆண்பால் போலவும் பன்மையில் பெண்பால் போலவும் நடக்கும்: ‘ஊன் த்ரென்’ ஒரு ரயில், ‘தோவ த்ரெனூர்’ இரண்டு ரயில். ஆகவே எந்தப் பெயர்ச்சொல்லையும் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ‘ஒன்று, இரண்டு’ என்று சேர்த்தே படியுங்கள். ‘ஊன், தோய்’ என்றால் ஆண்பால். ‘ஓ, தோவ’ என்றால் பெண்பால். ‘ஊன், தோவ’ என்றால் அலி. பன்மையில் உயிரும் மெய்யும் மாறுவதையும் இந்த முறை கூடவே கற்றுத்தரும்: ஃபாத்த, ஃபெத்தெ (பெண்கள்), கார்த்தெ, கர்ட்ஸ் (புத்தகங்கள்), ந்வாப்தெ, நோப்ட்ஸ் (இரவுகள்).

வேற்றுமை உருபுகள் உண்டா?

உண்டு, நம் எட்டில் பாதிகூட இல்லை. எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே வடிவம், நான்காம் வேற்றுமையும் ஆறாம் வேற்றுமையும் ஒரே வடிவம், அதோடு விளி. ‘காஸா ஃபெத்தெய்’ என்றால் பெண்ணின் வீடு. அதே ‘ஃபெத்தெய்’ வினையோடு வந்தால் பெண்ணுக்கு. பெண்பாலில் இந்த வடிவம் பன்மையிலிருந்து பிறப்பதைக் கவனியுங்கள்: ஃபெத்தெ, ஃபெத்தெய். பன்மையைச் சரியாகப் படித்தவருக்கு இது இலவசம்.

ஆட்பெயர் என்றால் ஆண்களுக்கு முன்னால் ‘லுய்’ வரும்: குமாருடைய என்பது ‘லுய் குமார்’. ‘ஆ’வில் முடியும் பெண் பெயர் மாறும்: மரீயா, மரீயெய். ‘கார்மென்’ போல் அப்படி முடியாத பெண் பெயருக்கு மறுபடி ‘லுய்’.

இரண்டாம் வேற்றுமையில்தான் தமிழோடு வியப்பான ஒற்றுமை. நாம் ‘ரயில் பார்த்தேன்’ என்று உருபில்லாமல் சொல்லலாம், ‘குமார் பார்த்தேன்’ என்று சொல்ல மாட்டோம். ‘குமாரை’ என்றுதான் வரும். ருமேனியமும் அப்படியே: ‘வத் ஊன் த்ரென்’ (ஒரு ரயிலைப் பார்க்கிறேன்) என்பதில் ஒன்றும் இல்லை, ஆள் என்றால் ‘பெ’ சேர வேண்டும், போதாக்குறைக்கு ‘அவனை’ என்று முன்னாலும் ஒரு சிறு சொல்: ‘உல் வத் பெ குமார்’. மேசை மேல் என்று சொன்ன அதே ‘பெ’தான். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இது ஒரு மாதப் பாடம்.

‘எனக்குப் பசிக்கிறது’ என்பதை எப்படிச் சொல்வது?

தமிழில் நினைத்து அப்படியே சொல்லுங்கள். ‘மியெ ஃப்வாமெ’: எனக்குப் பசி. ‘மியெ ஃப்ரிக்’: எனக்குக் குளிர். ‘உம் ப்லாச்செ’: எனக்குப் பிடிக்கிறது. பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகி ‘உம் ப்லாக்’. நடுவில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்து ‘நான்’ என்று தொடங்கியவர்கள்தான் தவறுவார்கள். முக்கிய விலக்கு வலி: தலைவலி என்றால் ‘ம த்வாரெ காப்புல்’, அதாவது ‘என்னைத் தலை வலிக்கிறது’. மருத்துவரிடம் ‘எனக்கு’ என்று தொடங்கினாலும் அவருக்குப் புரியும், ஆனால் பிழை.

வினைச்சொல் கடினமா?

வினை விகுதியே ஆளைக் காட்டுவதால் ‘நான்’, ‘நீ’ பெரும்பாலும் தேவையில்லை. இறந்தகாலம் சுலபம்: ‘ஆம், ஆய், ஆ, ஆம், ஆட்ஸ், ஆவ்’ என்ற ஆறு துணைகளில் ஒன்று, பின்னால் மாறாத எச்ச வடிவம். ‘ஆம் மெர்ஸ்’ போனேன். ‘ஆவ் மெர்ஸ்’ போனார்கள்.

நேரம் செலவிட வேண்டிய இடம் ‘ஸ’ என்ற சிறு சொல். நாம் ‘போக’ என்று எச்சம் வைக்கும் இடத்தில் ருமேனியர் ‘ஸ’ போட்டு வினையை ஆளுக்கேற்ப மறுபடி திரிப்பார்கள். ‘வ்ரெயாவ் ஸ மெர்க்’ போக விரும்புகிறேன். ‘வ்ரெயா ஸ மெயார்க’ அவன் போக விரும்புகிறான். படர்க்கையில் மட்டும் ‘மெர்ஜெ’ என்ற நிகழ்கால வடிவம் மாறிவிடுகிறது பாருங்கள். மற்ற இடங்களில் நிகழ்கால வடிவமே போதும். இதைப் பிடித்துவிட்டால் பேச்சு வழக்கு எதிர்காலமும் கையில்: முன்னால் ஓர் ‘ஓ’ சேர்த்து ‘ஓ ஸ மெர்க்’, போவேன்.

கடையில் விலை சொல்லும்போது ‘தெ’ என்று நடுவில் வருகிறதே, அது என்ன?

நாணயம் லெவ், பன்மை லெய். நூறு பான் ஒரு லெவ். 1 முதல் 19 வரை எண்ணுக்குப் பின் நேராகப் பொருள்: ‘தோய் லெய்’. 20-இலிருந்து நடுவில் ‘தெ’ வேண்டும்: ‘தோவஸெச் தெ லெய்’. நூறைத் தாண்டினால் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்க்க வேண்டும்: 105, 119 லெய்க்குத் ‘தெ’ இல்லை, 100, 120 லெய்க்கு உண்டு. 11 முதல் 19 வரை ‘பத்தின் மேல் ஒன்று’ என்ற அமைப்பு, நீளமான சொற்கள். பேச்சில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. பதினொன்று வெறும் ‘ஊன்ஷ்பெ’, பன்னிரண்டு ‘தோய்ஷ்பெ’. புத்தக வடிவத்தை மட்டும் படித்துப் போனவர் கல்லாப்பெட்டி முன் விழிப்பது இதனால்தான்.

நீ, நீங்கள் உண்டா?

உண்டு. ‘து’ நீ, ‘தும்னெயவ்வாஸ்த்ர’ நீங்கள், வினையும் பன்மையில். அலுவலகம், கடை, மருத்துவமனை, வயதில் மூத்தவர் என்றால் இரண்டாவதுதான். மாணவர்கள் தங்களுக்குள் ‘து’. வயதான பெண்களைப் பார்த்ததும் ‘ஸருத் மூனா’ (கையை முத்தமிடுகிறேன்) என்று வாயால் சொல்வது பழைய மரியாதை. பிள்ளைகள் பாட்டியிடம் இன்றும் சொல்வார்கள்.

எவ்வளவு காலம் ஆகும்? எந்த வரிசையில் படிக்கலாம்?

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கணக்கில் ருமேனியம் பிரெஞ்சு, ஸ்பானிஷோடு எளிய வரிசையில் இருக்கிறது: ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி நேரம். அது ஆங்கிலம் பேசுவோருக்கான கணக்கு. ஆங்கிலமும் தெரிந்த தமிழர் சொற்களுக்கு ஆங்கிலத்தையும், வாக்கிய அமைப்புக்குத் தமிழையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம் ஒலியும் எழுத்தும் மட்டும், அதிர்வொலி இணைகள் உட்பட. அடுத்து ‘இரு’, ‘உண்டு’ வினைகள், தினம் எட்டுப் பத்துப் பெயர்ச்சொற்கள் பன்மையோடு. மூன்றாவதாக இறந்தகாலம், நான்காவதாக ‘ஸ’. நான்காம்-ஆறாம் வேற்றுமையை அதற்குப் பின் தொட்டால் போதும். பல பாடநூல்கள் இதை முன்னால் வைத்துப் படிப்பவரை ஓட விடுகின்றன.

அகராதிக்கு டெக்ஸ்ஆன்லைன் தளம். இலவசம், குறியில்லாமல் தேடினாலும் கண்டுபிடிக்கும், ஒரு சொல்லின் எல்லா வடிவங்களையும் அட்டவணையாகக் காட்டும். விளக்கம் ருமேனியத்திலேயே இருப்பதால் முதல் சில மாதம் அட்டவணைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

ருமேனியாவில் பட்டப்படிப்புக்குச் செல்வோருக்குப் பல்கலைக்கழகங்கள் ஒரு கல்வியாண்டு மொழி ஆயத்த வகுப்பு நடத்துகின்றன. ஆங்கில வழி மருத்துவம் படிப்பவர்களும் தப்ப முடியாது. மருத்துவமனைப் பயிற்சியில் நோயாளி பேசுவது ருமேனியம். இந்தியா, இலங்கையிலிருந்து கட்டட, உணவக வேலைக்குப் போகிறவர்கள் எண்களையும் ஏவல் வினைகளையும் முதலில் படிக்கட்டும். ‘பொஃப்தீம்?’ என்று மேலாளர் கேட்டால் ‘என்ன சொன்னீர்கள்?’ என்று அர்த்தம். அதே சொல்லைப் பொருளை நீட்டிச் சொன்னால் ‘இந்தாங்க’.

வட்டார வழக்குகள் புரியாமல் போகுமா?

பெரிதாக இல்லை; மால்டோவாவின் கிஷினவிலும் மேற்கே திமிஷ்வாராவிலும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியும். சொற்கள்தான் மாறும்: மக்காச்சோளம் தெற்கே ‘போரும்ப்’, மால்டோவாப் பக்கம் ‘பப்புஷோய்’, டிரான்சில்வேனியாவில் ‘குக்குரூஸ்’. டிரான்சில்வேனியாவில் வணக்கத்துக்கு ‘ஸெர்வுஸ்’ என்பார்கள். தென்மேற்கே ஒல்தேனியாவில், புத்தகத்தில் மட்டும் வாழும் ஒரு பழைய இறந்தகால வடிவத்தை இன்று காலை நடந்ததைச் சொல்ல அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். ‘முன்காய்’ என்று ஒருவர் சொன்னால் சற்றுமுன்தான் சாப்பிட்டார். கிரேக்கம், வட மாசிடோனியா, அல்பேனியா நாடுகளில் பேசும் அரோமானியம் வேறு கதை. பெயர்ச்சொற்கள் பலவும் அடையாளம் தெரியும், முழு வாக்கியம் ருமேனியருக்கே பிடிபடாது.